கேள்வி கேட்காத விடுதி

எங்கள் விடுதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் போன மாதம் என்னைப் போனில் கூப்பிட்டார்கள். அங்கே தங்கிப் போன யாரோ இணையத்தில் பாராட்டி எழுதியிருந்தார்களாம். வாசித்துக் காட்டினார்கள். 'சொந்த வீட்டில் இருப்பது போலவே இருந்தது' என்று முடிந்தது. இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. விடுதியின் சொந்தக்காரர் கிரேஸ் அம்மா இந்த வார்த்தையை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"வீடு மாதிரி இருக்கவே கூடாது பாக்கியம்" என்பார். "வீட்டுல எல்லாரும் எல்லாத்தையும் கேப்பாக. எங்க போன, யாரைப் பாத்த, ஏன் திங்கல, ஏன் அழுத. அதுல இருந்து நாலு நாள் தப்பிச்சுத்தான் இங்கன வாறாக. நாமளும் கேக்க ஆரம்பிச்சா அவுக எங்க போவாக?"

அந்தப் பெண்களிடம் இதைச் சொன்னேன். "கேக்காம எப்படிக்கா கவனிக்கிறது?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஏழாயிரம்பண்ணை. எங்கள் தெருவில் எல்லாரையும் போல நானும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன், சரவெடி பின்னினேன். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு வேம்பார்ப் பக்கம் உப்பளத்தில் வேலை கிடைத்தது. கூடப் போனேன். அங்கே கடலைப் பார்த்து ஆறு அறைகளோடு ஒரு ஓட்டு வீடு இருந்தது. விருதுநகரில் இருந்து வந்த ஒரு தம்பதி அதை விடுதியாக நடத்தினார்கள். கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெருக்க வந்தவள் பிறகு துணி மடித்தேன், சமைத்தேன், கடைசியில் சாவிக்கொத்தே என் இடுப்பில் இருந்தது. முழங்கால் மடக்க முடியாமல் போனபோதுதான் ஊருக்குத் திரும்பினேன்.

கிரேஸ் அம்மா அதற்கு முன்பு நர்ஸ். ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் பல வருஷம் இருந்தவர். அதனால் ஊரில் எல்லாருக்கும் அவர் சிஸ்டரம்மா. கணவர் டேனியல் சார் சந்தைக்குப் போவார், மீன் வாங்குவார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார். மற்றதெல்லாம் அம்மாதான். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. செருப்புச் சத்தம்கூட வராது. ஆனால் ஒரு கட்டிலின் விரிப்பில் சுருக்கம் இருந்தால் வீட்டின் மறுகோடியில் இருந்து அவருக்குத் தெரிந்துவிடும்.

விருந்தாளி வரும்போது செய்ய வேண்டியது இதுதான் என்று அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தார். வாசலில் வண்டி நின்றதும் முதலில் பையைப் பார்க்க வேண்டும். "மூஞ்சியப் பாத்து எடை போடாத. பையப் பாரு, கனமா இருந்தா வாங்கு." பிறகு கால் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. குடித்து முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. டம்ளர் கீழே வைத்த பிறகு, சாப்பிட்டீகளா என்று ஒன்று, எது ஒத்துக்காது என்று ஒன்று. அவ்வளவுதான் கேட்கலாம். எதற்கு வந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் வரவில்லையா என்பதெல்லாம் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் தெரியாமலே இருந்துவிட வேண்டும்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடக்கும் நாட்களில் எங்கள் பக்கத்துச் சனங்கள் வருவார்கள். ஒரு வருஷம் தாயில்பட்டியில் இருந்து வேன் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் பெண்கள் வந்தார்கள். மறுநாள் காலையில் அறைக்குள் போனால் கட்டில் விரிப்பு நான் போட்டபடி மடங்காமல் கிடக்கிறது. அத்தனை பேரும் தரையில் சேலையை விரித்துப் படுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அம்மா முறுக்குத் தட்டோடு அவர்கள் அறைக்குப் போனார். நேராகக் கட்டிலின் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார். கதை கேட்கவும் முறுக்கு எடுக்கவும் ஒவ்வொருத்தியாக மேலே ஏறினார்கள். அம்மா மட்டும் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் தலையணை உறையெல்லாம் வெள்ளியாக மின்னியது. வெடிக்குச் சேர்க்கிற அலுமினியப் பொடி. எத்தனை குளித்தாலும் தோலுக்குள் இருந்து வந்துகொண்டே இருக்கும், எனக்குத் தெரியும். சலவைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கம்பெனி ஆளுக வந்தா கலர் விரிப்பு போடுங்கம்மா. இது எம்புட்டு வெளுத்தாலும் போக மாட்டேங்கு."

"வெள்ளை விரிப்புல படுத்துப் பாக்கணும்னுதான அம்புட்டுத் தூரம் வந்திருக்காக" என்றார் அம்மா. "போகாட்டி இருக்கட்டும். அழுக்கு இல்ல, அவுக வேலை."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் இருந்த காலத்தில் என் தலையணையும் அப்படித்தான் மின்னும். அதை ஒருவர் வேலை என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இனி முத்துலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது டிசம்பர் மாதம். அம்மாவோடு முன்பு வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் போனில் பேசினார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி விபத்தில் தீக்காயம் பட்ட பெண், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஆனால் வாசலைத் தாண்டுவதில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அது அம்மாவைப் பார்த்துப் பயந்து சித்தி வீட்டிலேயே இருக்கிறது. "கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார் அம்மா. வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்காரன் வேலுச்சாமி, கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன். தன் வேனிலேயே கூட்டி வந்தான். முன் இருக்கையில் அவனும் குழந்தையும். கடைசி இருக்கையில் சேலையால் தலையை முழுவதும் மூடிக்கொண்டு முத்துலட்சுமி. நான் பையைத்தான் பார்த்தேன். ஆனால் பையைப் பிடித்திருந்த கையையும் பார்க்க வேண்டியதாயிற்று. தழும்பு தடித்துவிடாமல் இருக்கப் போடுகிற இறுக்கமான துணி உறை மாட்டியிருந்தாள். அதற்கு வெளியே தெரிந்த விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன. அவள் இருந்த இடத்தில் நான் இருந்திருக்கலாம். பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

அடுத்தடுத்து இரண்டு அறைகள் கொடுத்தோம், நடுவில் ஒரு கதவு. ஒன்றில் அவள். இன்னொன்றில் தகப்பனும் குழந்தையும். அந்தக் குழந்தையின் பெயர் பொன்னி. கதவு சாத்தியிருக்கும்போது அம்மாவோடு நன்றாகப் பேசும். "யம்மா, இங்கன நண்டு இருக்கும்மா" என்று கத்தும். கதவு திறந்தால் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். குரல் மட்டும்தான் அதற்குப் பழைய அம்மா.

கிரேஸ் அம்மா எங்கள் எல்லாரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டார். வேலுச்சாமியையும் சேர்த்துத்தான்.

"பிள்ளைகிட்ட ஒருத்தரும் அம்மாட்டப் போன்னு சொல்லக் கூடாது. மிட்டாயைக் காட்டி இழுக்கக் கூடாது. அம்மா பாவம்லன்னு சொல்லவே கூடாது."

வேலுச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "பின்ன என்னதாம்மா செய்றது? அவ செத்துப் போறேங்கா. பெத்த பிள்ளை பாத்து ஓடுதுன்னா எதுக்குப் பொழைச்சேன்னு கேக்கா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"நீங்க ரெண்டு பேரும் மூணு வேளை சாப்பிடுங்க. பிள்ளை கடலைப் பாக்கட்டும். அதுக்கு வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கிடட்டும்யா. இத்தனை நாள் எல்லாரும் அதைத் தள்ளித் தள்ளி விட்டிருப்பாக."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தள்ளியவர்களில் அவனும் ஒருவன் என்று தெரிந்தது.

முதல் இரண்டு நாளும் முத்துலட்சுமி அறையிலேயே சாப்பிட்டாள். தட்டு திரும்பி வரும்போது சோறு அப்படியே இருக்கும். விரல் அதற்கு மேல் மடங்கவில்லை, பிசைய முடியவில்லை. வீட்டுக்காரன் ஊட்டினால் வேண்டாம் என்கிறாள். ஸ்பூன் வைத்தோம், அதைத் தொடவே இல்லை. அம்மா அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "பாக்கியம், பணியாரக் கல்லை எடு" என்றார்.

அன்றைக்குத்தான் விடுதிக்கு இன்னொரு குடும்பமும் வந்தது. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர். வருஷம் தவறாமல் புத்தாண்டுக்கு மனைவி, மகன்கள், மருமகள்களோடு வருகிறவர். முத்துலட்சுமி வேலை பார்த்த கம்பெனி அவருடையது அல்ல. அவர்கள் வந்து இறங்கிய மத்தியானம் காரின் பின்னால் இருந்து பையன்கள் பெட்டி பெட்டியாக வெடி இறக்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் கடற்கரையில் அவர்கள் விடுகிற வாணத்தைப் பார்க்க மீனவக் குடியிருப்பே திரண்டு வரும். அம்மாவும் நின்று பார்ப்பார்.

அன்று அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"அண்ணாச்சி, ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்க சிஸ்டரம்மா."

"இந்த வருசம் வெடி வேண்டாம்."

மூத்த மகன் சிரித்தான். "வருசப் பெறப்புக்கு வெடி போடாம, பின்ன எதுக்கு அத்தை இம்புட்டுத் தூரம் வாறோம்?"

"இன்னொரு விருந்தாளி இருக்காக. அவுகளுக்குச் சத்தம் ஆகாது."

"யாரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"எங்க விருந்தாளி" என்றார் அம்மா.

அவர்கள் வருஷா வருஷம் பாதி வீட்டை எடுத்துக்கொள்கிறவர்கள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் விடுதிக்குப் பெரிய இடி. அண்ணாச்சி அம்மாவையே பார்த்தார். பிறகு பார்வை அவருக்குப் பின்னால் போனது. கிணற்றடிக் கொடியில் துவைத்துப் போட்டிருந்த கை உறைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் அது என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"பெட்டிய ஏத்துங்கலே" என்றார் மகன்களிடம்.

"வண்டியிலயே இருக்கட்டும்ப்பா, ஊருக்குப் போய்..."

"வண்டியிலயும் இருக்க வேண்டாம். டிரைவரை அம்புட்டையும் சிவகாசிக்கே கொண்டு போகச் சொல்லு. இப்பவே."

கார் கிளம்பிப் போன பிறகு அவர் அம்மாவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார். "எங்க ஊருப் பக்கத்துப் பிள்ளையா? நான் போய் ஒரு வார்த்தை பேசட்டுமா? ஏதாச்சும் செய்யணும்னா செய்யுதேன்."

"அவளாக் கூப்பிட்டாப் பேசுங்க அண்ணாச்சி. நாமளாப் போய் நின்னா அவ நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அதுக்கு அவகிட்டத் தெம்பு இல்ல."

அண்ணாச்சி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பெரிய மனுஷர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி, அவர் மனசும் நோகாமல் பார்த்துக்கொண்டதை அன்றைக்குப் பார்த்தேன். எனக்கு அது இன்றும் வராது.

மறுநாள் பந்தியில் சோறும் குழம்பும் இல்லை. பணியாரம். காரம் ஒன்று, கருப்பட்டி ஒன்று. முள் எடுத்துப் பிசைந்து உருட்டிப் பொரித்த மீன். தயிர்ச்சோற்றைக்கூடக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சையளவு உருட்டி வைத்தோம். எல்லாம் இரண்டு விரலால் எடுத்து வாயில் போடுகிற மாதிரி. முத்துலட்சுமிக்கு மட்டும் இல்லை, வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும். டேனியல் சாருக்கும் அதேதான்.

அண்ணாச்சியின் மனைவி என்னைப் பார்த்து, "மத்தியானத்துக்குப் பணியாரமா?" என்றார்.

"சும்மா சாப்பிடு. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி இன்னும் நாலு போடச் சொன்னார்.

ஜன்னல் ஓரம், கடலைப் பார்க்க, பந்திக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார் அம்மா. யாரையும் கூப்பிடவில்லை. நான் முத்துலட்சுமியின் அறைக்குப் போய், "இன்னைக்கு எல்லாருக்கும் பணியாரம். சூடா இருக்கு. அங்கன ஜன்னல் பக்கம் ஒரு நாக்காலி கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

எல்லாரும் பாதி சாப்பிட்டிருப்பார்கள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பந்தியில் பேச்சு ஒரு நொடி நின்றது. அண்ணாச்சி தன் மகனிடம் எதையோ உரக்கக் கேட்டார், பேச்சு மறுபடி ஓடியது. அவள் விரல்கள் ஒரு பணியாரத்தைப் பிடித்தன, நழுவியது, மறுபடி பிடித்தன. வாய்க்குக் கொண்டு போனாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் தன் கையால் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று வேலுச்சாமி பிறகு சொன்னான். அவன் சாப்பிடாமல் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். பொன்னி பந்தியில் இருந்தபடியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் இப்படியே போனது. பொன்னிக்குக் காலையில் தலை பின்னுவது என் வேலை. எனக்கு அந்தக் கலை சரியாக வராது, கை அழுத்தம். கடற்காற்றில் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. தாழ்வாரத்தில் உட்கார்த்தி வைத்துச் சீப்பை இழுத்தேன்.

"ஆ! இழுக்காதீக. எங்கம்மா இழுக்க மாட்டா."

"உங்கம்மா எப்படிப் பின்னுவா?" என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

முத்துலட்சுமி கொஞ்சம் தள்ளிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னி என் கையில் இருந்து சீப்பைப் பிடுங்கியது. எழுந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நண்டு மாதிரி பின்பக்கமாகவே நடந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தது. சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டியது.

"நீ பின்னு."

முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் நேராகப் பார்த்தது அப்போதுதான். கண்கள் மட்டும் காயம் படாமல் இருந்தன. அடுப்படி வாசலில் கிரேஸ் அம்மா கையில் கரண்டியோடு அசையாமல் நின்றார்.

அவள் சீப்பை வாங்கினாள். கீழே விழுந்தது. எடுத்தாள். உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். கம்பெனியில் சரம் பின்னுவதில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது என்று வேலுச்சாமி சொல்லியிருக்கிறான். அந்த விரல்கள் இப்போது ஒரு முடிக்கற்றையைப் பிரிப்பதற்கே திணறின. வலியில் உதடு கடிபட்டது. பொன்னி ஒரு தடவைகூட ஆ என்று சொல்லவில்லை. நடுவில் கேட்டது:

"யம்மா, கை வலிக்கா?"

"கொஞ்சம்."

"மெதுவாப் பின்னு. நான் எங்கயும் போகல."

அண்ணாச்சியின் சின்ன மருமகள் ஏதோ கேட்க தாழ்வாரத்துக்கு வந்தவள், பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். பின்னல் முடிய நெடுநேரமாயிற்று. கோணலாக, தளர்வாக, நடுவில் முடி பிரிந்து தொங்கியது. பொன்னி அதைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பார்த்தது. பிறகு தானாகத் திரும்பி உட்கார்ந்தது. அம்மாவின் முகத்தை நெற்றியில் இருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தது, ஒரு ஊரைப் புதிதாகச் சுற்றிப் பார்க்கிற மாதிரி. ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டது.

"இங்க வலிக்கா?"

"இல்ல தாயி."

"சரி" என்று சொல்லிவிட்டு மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

நான் அடுப்படிக்குள் ஓடினேன். கிரேஸ் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார். பணியாரம் கல்லிலேயே கருகிவிட்டிருந்தது. விரிப்பில் சுருக்கம் பொறுக்காத அந்த அம்மா அன்று ஒரு கல் பணியாரம் கருகியதைக் கவனிக்கவில்லை.

புத்தாண்டு முடிந்து அவர்கள் கிளம்பிய அன்று அண்ணாச்சி குடும்பமும் வாசலில் நின்றது. முத்துலட்சுமி வேனில் ஏறப் போனவள் நின்று, அவரைப் பார்த்து, "வாறோம் அண்ணாச்சி" என்றாள். அவர் கைகூப்பினார். இந்த முறை முன் இருக்கையில் மூன்று பேரும் இருந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று வேலுச்சாமி போன் செய்தான். வார்த்தை கோவையாக வரவில்லை. அம்மா போனை எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது அவன் வழக்கம். அன்று முத்துலட்சுமியும் வேனில் ஏறியிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் அவளே பிள்ளையோடு இறங்கியிருக்கிறாள், தலையில் முக்காடு இல்லாமல். அங்கே நின்ற பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்களாம். ஒரு சின்னப் பயல் மட்டும் நேராக வந்து, "உங்கம்மா மூஞ்சிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறான்.

பொன்னி சொல்லியிருக்கிறது: "வெடியில காயம் பட்டுச்சு. இப்ப ஆறிருச்சு." பிறகு, "வாம்மா, என் கிளாஸைக் காட்டுறேன்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வேலுச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறான். வண்டி நிறையக் கம்பெனிக்குப் போகிற பெண்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிறது, வண்டியை எடு என்று ஒருத்தியும் சொல்லவில்லையாம்.